தூரநோக்கு உபகுழுவின் கடைசிக் கூட்டம்

கதிர்காமத்தம்பி: ...ஒரு வசனம் தங்கச்சி, ஒரே ஒரு வசனம்! அதுக்கு மூண்டு கலாநிதி, நாலு மாசம், குடிச்ச பிளேன்டி எத்தினையெண்டு கணக்கில்ல. வெளியில கேட்டா ஊர் சிரிக்கும்.

றாஹிலா: சிரிக்கட்டும் சேர். இண்டைக்கு மட்டும் அவசரப்படாதீங்க. மஃரிபு தொழுகை வரைக்கும் இழுக்கணும்.

கதிர்காமத்தம்பி: இழுக்கிறதுக்கு என்ன... கொமிட்டியில இழுக்கிறதுக்கெண்டே பிறந்தவன் நான். ஆனா இண்டைக்கு நாலு மணிக்குள்ள கெம்பஸ்ட தூரநோக்கு வசனம் தன்ட மேசையில இருக்கணும் எண்டு உபவேந்தர் சொன்னவர்.

றாஹிலா: நாலு மணி போயிட்டே.

கதிர்காமத்தம்பி: அதத்தானே நானும் சொல்றன்.

றாஹிலா: மத்த உபகுழுவெல்லாம் குடுத்திட்டாங்களா?

கதிர்காமத்தம்பி: எப்பவோ. அஞ்சு வருஷத் திட்டம், இலக்குக்கு ஒரு உபகுழு. கட்டடக் குழுவில கதிரை போதாம ஆக்கள் யன்னல்ல இருந்தவங்க. ஆருக்குத்தான் கட்டடம் வேணாம்? ஆராய்ச்சிக் குழுவில பீடாதிபதிமார் எல்லாரும் இருக்காங்க. எங்கட குழுவுக்குத்தான் ஆளில்ல. கட்டடமுமில்ல, காசுமில்ல, ஒரு வசனம் மட்டும். அப்ப என்ன செஞ்சாங்க? பீடச் சபைக்கு அண்டைக்கு ஆர் வரல்லையோ, அவங்கட பேரப் பிடிச்சுப் போட்டாங்க.

றாஹிலா: நான் அண்டைக்கு மகள் அஸ்னாவக் கூட்டிக்கிட்டுப் பேராதனைக்குப் போயிருந்தன். ஹொஸ்டல் இடம் கிடைக்காம புள்ள அழுதுக்கிட்டிருந்தா.

கதிர்காமத்தம்பி: எனக்கு அம்மன் கோயில் தீப்பள்ளயம், தீ மிதிக்கிற நாள். பாண்டிருப்பில பிறந்தவன் அண்டைக்குப் பீடச் சபைக்குப் போனா வீட்டில சோறு கிடைக்காது. எங்கட மூண்டாவது ஆள் மசூருக்கு வீடு மாறின நாள்.

றாஹிலா: வீடு மாறினதா சேர் அது... வீட்ட விட்டு வெளிக்கிட்ட நாள்.

கதிர்காமத்தம்பி: ஓம். அதுதான் சரி. மனிசி மோசம் போனதுக்குப் பிறகு மகளக் கட்டிக் குடுத்து, வீட்டையும் அவள்ட பேருக்கு எழுதி, சாவியையும் கையில குடுத்திட்டு, ரெண்டு பெட்டியோட அக்கரைப்பற்றுக்கு, தமக்கை வீட்டுக்குப் போயிட்டார்.

றாஹிலா: மனிசிட வீடு மகளுக்குத்தானே. எங்கட வழக்கம் அது. உங்கட ஆக்களுக்கும் அதேதானே.

கதிர்காமத்தம்பி: அதேதான். இந்தக் கரையில ஆம்பிளைக்குச் சொந்தமா ஒரு கதிரை கூடக் கிடையா. என்ட மனிசி தங்கேஸ்வரிக்குக் கோவம் வந்தா முதல்ல அதத்தான் ஞாபகப்படுத்துவா. "இது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு" எண்டு. நான் எழும்பி கேற்றடியில போய் நிப்பன்.

றாஹிலா: அக்கா அப்பிடிச் சொல்ல மாட்டா.

கதிர்காமத்தம்பி: நீங்க அவவ வான் பிடிச்சு அனுப்பிப்போட்டு இப்பிடித்தான் சொல்லுவீங்க.

றாஹிலா: மெதுவாக் கதையுங்க சேர்... கதவு திறந்து கிடக்கு.

கதிர்காமத்தம்பி: வராந்தாவில ஆருமில்ல. மசூர் இன்னும் பள்ளிவாசல்ல. சரி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லுங்க. உங்களுக்கு எப்ப விளங்கிச்சு?

றாஹிலா: என்ன?

கதிர்காமத்தம்பி: எனக்கு முதல் கூட்டத்திலயே விளங்கிச்சு. குழுவில ஆர் ஆர் இருக்கணும் எண்ட கதை வந்திச்சே... பள்ளிவாசல் நிருவாகத்தில தாய்வழிக் குடிக்கு ஒரு மரைக்காயர் இருக்கிற மாதிரி இதுக்கும் பீடத்துக்கு ஒராள் வேணும் எண்டு மசூர் சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லிக்கொண்டே வந்து, உங்களப் பார்த்து, "மெடம், நீங்க என்ன குடி?" எண்டார்.

றாஹிலா: அது... உதாரணத்துக்குக் கேட்டது.

கதிர்காமத்தம்பி: உதாரணத்துக்கு என்ட குடியக் கேட்டிருக்கலாமே! எங்களுக்கும் குடி இருக்கு. கோயில் திருவிழாவில குடிக்கு ஒரு நாள். நான் பக்கத்துக் கதிரையில கல்லு மாதிரி இருக்கன், என்னட்ட கேக்கல்ல.

றாஹிலா: போங்க சேர்...

கதிர்காமத்தம்பி: இந்தப் பக்கத்தில ஒரு பொம்பிளையிட்டக் குடி கேக்கிறது எதுக்கெண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே குடிக்குள்ள கலியாணம் இல்ல. நீங்க "ஓடாவி குடி" எண்டு சொன்ன நேரம் அவர்ட முகத்தப் பார்த்தன். பரீட்சை ரிசல்ட் வந்த பொடியன்ட முகம். பாஸ்!

றாஹிலா: நானும் பார்த்தன்.

கதிர்காமத்தம்பி: ஆ! இப்பதான் வாயால வருது.

றாஹிலா: பார்த்து என்ன செய்ய... அதுக்குப் புறகு நாலு மாசமா அந்த மனிசன் வாய் திறக்கல்லையே. காற்புள்ளியப் பத்தியும் முற்றுப்புள்ளியப் பத்தியும்தான் கதைச்சார்.

கதிர்காமத்தம்பி: எப்பிடித் திறப்பார்? பொண் வீட்டாக்கள்தானே மாப்பிள்ளை கேட்டுப் போகணும். அவர் வந்து கேட்டா, ஆளுக்கு ஏதோ குறை எண்டு ஊர் கதைக்கும். அவர் நீங்க அனுப்புவீங்க எண்டு காத்திருந்தார். நீங்க அவர் கேப்பார் எண்டு காத்திருந்தீங்க. நடுவில நான்... பிளேன்டியக் குடிச்சுக் குடிச்சு சீனி கூடிப்போச்சு.

றாஹிலா: எனக்கு அனுப்ப ஆரு இரிக்கா சேர்? வாப்பா இல்ல. உம்மா இல்ல. கூடப் பிறந்த காக்கா கட்டார்ல. கோல் எடுத்துச் சொன்னன். "உனக்கு நல்லதெண்டா எனக்கும் நல்லதுதான் தங்கச்சி, நீயே பார்த்துச் செய்" எண்டார். உம்மாட தங்கச்சி சாச்சி மட்டும் மாப்பிள்ளை கேட்டுத் தனியப் போய் நிண்டா எங்கட பக்கத்துக்கு ஆளில்லாத மாதிரி இரிக்கும். அதான் அக்காவக் கூப்பிட்டன்.

கதிர்காமத்தம்பி: அவ நேத்துப் பின்னேரமே சீலைய அயன் பண்ணி வச்சிட்டா. எங்கட மகனுக்குப் பொம்பிளை பார்க்கப் போன நேரம் கூட இந்த எடுப்பு இல்ல. கல்முனைச் சந்தையில குலையோட வாழைப்பழம், உங்கட சாச்சி சபியா உம்மா சட்டி நிறைய வட்டிலப்பம்... இப்பதான் மெசேஜ் வந்திச்சு, நிந்தவூர் தாண்டிட்டாங்களாம்.

றாஹிலா: அல்லாஹ்வே...

கதிர்காமத்தம்பி: இனி என்ன பயம் உங்களுக்கு?

றாஹிலா: அவர் இப்ப வீட்ட போயிட்டாரெண்டா எல்லாம் கெட்டுப்போகும். கேக்க வந்த ஆக்கள் இரிக்கக்குள்ள மாப்பிள்ளை வாசல்ல வந்து நிண்டா, அவர்ட கூடப் பிறந்த ராத்தாக்கு ஓம் எண்டும் சொல்ல ஏலா, இல்லையெண்டும் சொல்ல ஏலா. அவருக்கு ஒண்டும் தெரியக் கூடா சேர். இல்லையெண்டு பதில் வந்தா... தெரியாமலே போகட்டும். நான் நாளைக்கும் இந்தக் கெம்பஸுக்கு வரணும். கென்ரீன்ல அவர்ட முகத்தப் பார்க்கணும்.

கதிர்காமத்தம்பி: இல்லையெண்டு வராது.

றாஹிலா: உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. கெம்பஸ் படிக்கிற மகள் இரிக்கா. புருஷன் ஜவாத் மவுத்தாகி இவ்வளவு காலத்துக்குப் புறகு இவளுக்கு என்ன ஆசை எண்டு அந்த ராத்தா கேட்டா, சாச்சி என்ன பதில் சொல்லுவா?

கதிர்காமத்தம்பி: சாச்சி சொல்லாட்டி தங்கேஸ்வரி சொல்லுவா. அவவோட கதைச்சு வெண்டவங்க இல்ல... ஷ்... செருப்புச் சத்தம். கூட்டத்தத் தொடங்குங்க.

றாஹிலா: ...ஆகவே, போன கூட்டத்தில எடுத்த தீர்மானத்தின்படி...

மசூர்: அஸ்ஸலாமு அலைக்கும். மன்னிக்கணும், பள்ளியால வரக்க பொடியனுகள் ரெண்டு பேர் பிடிச்சிட்டானுகள். தொடங்கிட்டீங்களா?

றாஹிலா: வஅலைக்குமுஸ்ஸலாம். இல்ல சேர், இப்பதான்.

கதிர்காமத்தம்பி: வாங்க மசூர், இருங்க. மூண்டு பேரும் வந்தாச்சு, கோரம் நிறைஞ்சிட்டு. வசனத்த வாசிக்கிறன். "கிழக்குக் கரையில் மக்கள் நம்பும் பல்கலைக்கழகமாக விளங்குதல்." எப்பிடி?

மசூர்: நல்லாத்தான் இரிக்கி.

கதிர்காமத்தம்பி: ...அவ்வளவுதானா?

மசூர்: நல்லாத்தான் இரிக்கி. ஆனா...

றாஹிலா: ஆனா? சொல்லுங்க சேர், சொல்லுங்க. ஒண்டையும் மனசில வைக்காதீங்க.

மசூர்: "மக்கள் நம்பும்" எண்டது கொஞ்சம் மெலிவா இல்லையா? "முன்னணிப் பல்கலைக்கழகம்" எண்டு போட்டா என்ன?

றாஹிலா: முன்னணியா? அந்தச் சொல்ல வெட்டினதே நீங்கதானே! "எல்லாக் கெம்பஸும் முன்னணி எண்டுதான் எழுதுது, அப்ப பின்னால நிக்கிறது ஆரு?" எண்டு கேட்டீங்க. மேசையில அடிச்சுக் கேட்டீங்க.

மசூர்: கேட்டன்தான். யோசிச்சுப் பார்த்தன். மனிசன் மாறக் கூடாதா?

கதிர்காமத்தம்பி: மாறலாம், மாறலாம். நேரம் கிடக்கு.

றாஹிலா: அப்ப நான் விட மாட்டன். "மக்கள் நம்பும்" இருக்கணும்.

மசூர்: மெடம், "நம்பும்" எண்டது உங்களுக்குப் பிடிக்காத சொல்லாச்சே. "நம்பினாங்களா இல்லையா எண்டு எதால அளக்கிற, அதுக்கு என்ன சுட்டி?" எண்டு நீங்கதான்...

றாஹிலா: பொம்பிளை மாறக் கூடாதா?

கதிர்காமத்தம்பி: அடடா. இண்டைக்கு எல்லாரும் பக்கம் மாறின நாள். அப்ப நானும் ஒண்டு கேக்கிறன். "கிழக்குக் கரை" எண்டா கடல் மட்டும்தானே வருது? நாவிதன்வெளி வயல்காரன் கோவிக்க மாட்டானா?

மசூர்: முக்கியமான கேள்வி சேர். கதைக்கத்தான் வேணும்.

றாஹிலா: உங்களுக்கு அவசரமில்லையா சேர்? அக்கரைப்பற்று பஸ்...

மசூர்: எனக்கென்ன அவசரம்? பஸ் கடைசி வரைக்கும் இரிக்கி. நீங்க ஆறுதலாக் கதையுங்க. வயலையும் கடலையும் ஒரு சொல்லுக்குள்ள கொண்டு வரணுமெண்டா...

கதிர்காமத்தம்பி: ஒரு நிமிஷம், போன் அடிக்குது... ஹலோ, ஓம் தங்கம்... ஆ, போய்ச் சேர்ந்திட்டீங்களா? நல்லது, நல்லது... இல்ல, கூட்டத்தில இருக்கன், எல்லாரும் இருக்காங்க... ஓம், எல்லாரும்... கோயில்ல சனமா?... நல்லா வரவேற்றாங்களா?... என்னது, வட்டிலப்பத்த முதல்ல குடுத்திட்டீங்களா?... சரி, சரி, வை.

மசூர்: எந்தக் கோயில்ல சேர் முட்டை போட்ட வட்டிலப்பம் குடுக்கிற?

கதிர்காமத்தம்பி: ...புதுக் கோயில்.

மசூர்: எந்தப் பக்கம்?

கதிர்காமத்தம்பி: தெற்கால.

மசூர்: நல்ல கோயிலா இரிக்கும்.

றாஹிலா: கரை! கரை எண்ட சொல்லப் பத்திக் கதைச்சிக்கிட்டிருந்தம்.

கதிர்காமத்தம்பி: திருப்பியும் அடிக்குது. இந்த மனிசி... நான் வெளியில நிண்டு கதைச்சிட்டு வாறன். இந்த வராந்தாவிலதான் நிக்கிறன். கதவு திறந்தே கிடக்கட்டும்.

மசூர்: மெடம்.

றாஹிலா: சொல்லுங்க சேர்.

மசூர்: புருணையில இருந்து பதில் வந்திட்டு.

றாஹிலா: என்ன புருணை?

மசூர்: அங்கத்தக் கெம்பஸ் ஒண்டுக்கு விண்ணப்பம் போட்டிருந்தன். சபாட்டிக்கல் லீவு, ரெண்டு வருஷம். எடுத்திட்டாங்க. லீவு விஷயம் சனிக்கிழமை பேரவைக்குப் போகுது.

றாஹிலா: எங்களுக்கு ஒண்டும் சொல்லல்லையே... எப்ப போட்டீங்க?

மசூர்: ராத்தா வீட்டுக்குப் போன முதல் கிழமை. முன் அறையத் தந்தாங்க. மச்சான் தங்கமான மனிசன். பின்னேரத்தில நியூஸ் பார்க்கக்க எனக்காக டீவிச் சத்தத்தக் குறைப்பார். "தம்பி படிக்கிறார், பேப்பர் திருத்துறார்" எண்டு. அவர்ட வீடு, அவர்ட டீவி, காதும் அவருக்குக் கொஞ்சம் மந்தம்... எனக்காகக் குனிஞ்சு கிட்டப் போய்க் கேப்பார். அதப் பார்த்துக்கிட்டு இரிக்க என்னால ஏலாமப் போச்சி. அண்டைக்குத்தான் போட்டன்.

றாஹிலா: நல்லது... நல்ல நாடு. பள்ளியெல்லாம் கிட்ட. சாப்பாட்டுப் பிரச்சினையும் இல்ல.

மசூர்: ஓம்.

றாஹிலா: வீடும் தருவாங்க, இல்லையா?

மசூர்: தருவாங்க. மூண்டு அறை வீடு.

றாஹிலா: மாஷா அல்லாஹ். பிறகென்ன.

மசூர்: மூண்டு அறையில நான் என்ன செய்யிற? ஒரு அறையில இருந்து மத்த அறைக்கு சலாம் சொல்றதா? இன்னும் நான் முடிவு சொல்லல்ல. சனிக்கிழமைக்கு முதல் வேணாமெண்டும் சொல்லலாம். அதான், உங்கட கருத்தக் கேக்கலாமெண்டு...

றாஹிலா: என்ட கருத்தா? நானென்ன பேரவையா?

மசூர்: உபகுழு உறுப்பினர்தானே.

றாஹிலா: உபகுழுக்கு லீவு குடுக்கிற அதிகாரமில்ல சேர். சிபாரிசுதான் செய்யலாம்.

மசூர்: அப்ப சிபாரிசு செய்யுங்க.

றாஹிலா: ...போங்க.

மசூர்: சரி.

றாஹிலா: நல்ல சந்தர்ப்பம். விடக் கூடா.

மசூர்: சரி மெடம். உபகுழு போகச் சொல்லுது எண்டு எழுதிக்கிறன்.

றாஹிலா: எழுதாதீங்க.

மசூர்: ஏன்?

றாஹிலா: கொஞ்சம் இரிங்க... எனக்கு ஒண்டு சொல்லணும். சிரிக்கக் கூடா.

மசூர்: சிரிக்க மாட்டன்.

றாஹிலா: போன மாசம், எங்கட வசனம் பாஸாகிட்டு எண்டு பதிவாளர் ஒஃபிஸில றஸ்மி சொன்னார். "வாழ்த்துக்கள் மெடம், இனிமேக் கூட்டமில்ல" எண்டார். நான் தாங்ஸ் எண்டு சொல்லிட்டு, லாப்புக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு அழுதன். ஒரு வசனம் பாஸானதுக்கு ஆராவது அழுவாங்களா? அடுத்த நாள் கோல் வருது. இல்ல மெடம், வழிகாட்டல் குழு அதத் திருப்பி அனுப்பிட்டு, ஏதோ ஒரு சொல் இடறுதாம் எண்டு. நான் என்ன செஞ்சன் தெரியுமா?

மசூர்: என்ன செஞ்சீங்க?

றாஹிலா: வீட்ட போய், அல்லாஹ்வுக்கு நன்றியா ரெண்டு ரக்அத் ஷுக்ரு தொழுதன். ...சிரிக்க மாட்டன் எண்டீங்க.

மசூர்: சிரிக்கல்ல மெடம். இது சிரிப்பு இல்ல.

றாஹிலா: போகாதீங்க சேர்.

மசூர்: இது உபகுழுட சிபாரிசா?

றாஹிலா: இல்ல. என்ட. சாச்சி சொல்லித் தந்ததில்ல, காக்கா சொல்லித் தந்ததில்ல. நான்தான் சொல்றன், போகாதீங்க.

மசூர்: அதத்தான் நான் கேக்க வேண்டியிருந்திச்சு.

றாஹிலா: என்னத்த?

மசூர்: ...சேர் வாறார்.

கதிர்காமத்தம்பி: எங்க நிக்கிறம்? கரையிலயா, வயல்லயா?

மசூர்: நடுவில சேர். என்ன, முகம் வாடிக் கிடக்கு?

கதிர்காமத்தம்பி: ஒண்டுமில்ல... கோயில்ல ஒரு சின்னச் சிக்கல். தங்கச்சி, உங்களுக்கும் தெரியட்டும்... எல்லாம் நல்லாத்தான் போயிருக்கு. நல்ல கவனிப்பு, நல்ல கதை. ஆனா பூசை முடியல்ல.

றாஹிலா: ஏன் சேர்?

கதிர்காமத்தம்பி: ஐயர் ஒரு பதிலும் சொல்றாரில்லையாம். இவங்களும் கேட்டிட்டு இருக்காங்க, அவரும் சிரிச்சுச் சிரிச்சு பழம் வெட்டிக் குடுக்கிறார். "கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க" எண்டு. ஓமெண்டுமில்ல, இல்லையெண்டுமில்ல. தங்கேஸ்வரிக்கே கதை முடிஞ்சு போச்சாம்.

றாஹிலா: அப்ப... அப்ப வரச் சொல்லுங்க சேர். அவங்களத் திரும்பி வரச் சொல்லுங்க. போதும்.

கதிர்காமத்தம்பி: தங்கச்சி...

றாஹிலா: போதும் சேர். கேட்டது போதும். வசனத்தையும் முடிப்பம். "முன்னணி" எண்டே போடுங்க, எனக்கு ஒண்டுமில்ல. எல்லாரும் வீட்ட போவம்.

மசூர்: கொஞ்சம் இரிங்க மெடம். ஐயர் ஆர்டயோ கோலுக்குக் காத்துக்கிட்டிருக்காராக்கும். நான் ஒரு கோல் எடுத்தாச் சரியா வரும்.

கதிர்காமத்தம்பி: நீங்களா? ஐயருக்கா?

மசூர்: அந்த ஐயர எனக்குத் தெரியும்... ஹலோ, ராத்தா? ...ஓம், நான்தான். ...ஓம், கேட்டிட்டன். ...இல்ல, ஆரும் சொல்லிக் குடுத்துச் சொன்னதில்ல ராத்தா, அவங்கட வாயாலதான். ...ஓம், என்ட காதால கேட்டன். ...இல்ல, போகல்ல. நாளைக்கே எழுதி அனுப்பிடுவன். ...சரியெண்டு சொல்லிடுங்க. அந்த ஆக்களக் காக்க வச்சதுக்கு மாப்புக் கேளுங்க. ...வட்டிலப்பம் முடிஞ்சிட்டா? எனக்கு ஒரு துண்டு வச்சிரிங்க.

கதிர்காமத்தம்பி: அட படுபாவி!

மசூர்: புதுக் கோயில் தெற்காலதான் சேர். எங்கட வளவுக்குள்ள.

கதிர்காமத்தம்பி: நான் இங்க பூசை, பிரசாதம், ஐயர் எண்டு வேர்க்க வேர்க்கப் பொய் சொல்றன்... இந்த மனிசன் "எந்தப் பக்கம்" எண்டு என்னட்டயே கேக்குது!

மசூர்: உங்கட பொய் நல்லா இருந்திச்சு சேர். பாதியில நிப்பாட்ட மனசு வரல்ல.

கதிர்காமத்தம்பி: தங்கச்சி, ஏதாவது கதையுங்க. அழாதீங்க... இந்தாங்க, இது சுத்தமான லேஞ்சிதான். பாருங்க, தங்கேஸ்வரி அதுக்குள்ள மெசேஜ் போடுறா. "ஓமெண்டிட்டாங்க" எண்டு போட்டு, கீழ ஒரே பூவாப் போட்டிருக்கா. சபியா உம்மாவும் அழுறாவாம்.

றாஹிலா: நான் அழல்ல. ராத்தாக்கு எப்பிடி... என்னப் பத்தி அவ என்ன நினைப்பா?

மசூர்: ராத்தா ஒண்டு மட்டும்தான் சொன்னா. "ஆக்கள் கேட்டு வாறது சரி. அந்தப் புள்ளைக்கு மனசிருந்து வருதா, குடும்பத்துக்காக வருதா எண்டு நீதான் கேட்டுச் சொல்லணும். மனசில்லாத வீட்டுக்கு உன்ன நான் அனுப்ப மாட்டன்" எண்டா. ஒரு வீட்டால வெளிக்கிட்டு வந்த நான் மெடம். அடுத்த வீட்டுக்கும் விருந்தாளியாப் போக எனக்கு ஏலா.

றாஹிலா: விருந்தாளி இல்ல. என்ட வீட்டில டீவிச் சத்தத்த ஆரும் குறைக்க மாட்டாங்க. அஸ்னா லீவுல வந்தா உங்களுக்குக் காதே அடைச்சிடும்.

மசூர்: அல்ஹம்துலில்லாஹ்.

கதிர்காமத்தம்பி: நல்லது. இப்ப எல்லாரும் உண்மை கதைக்கிற நேரம்போல இருக்கு. நானும் ஒண்டு சொல்லிடுறன். போன மாசம் வசனத்தத் திருப்பி அனுப்ப வச்சது வேற ஆருமில்ல. நான்தான்.

றாஹிலா: என்ன சேர்?

கதிர்காமத்தம்பி: வராந்தாவில நிண்டவனுக்கும் காது இருக்குத்தானே, இப்பதான் கேட்டன்... அந்த ரெண்டு ரக்அத்தில எனக்கும் பாதி சேரணும் தங்கச்சி. வழிகாட்டல் குழுவில வசனம் பாஸாகப் போகக்க நான் எழும்பி, "சேர், ஒரு சொல் இடறுது" எண்டன். எல்லாரும் தலைய ஆட்டினாங்க. திருப்பி அனுப்பிட்டாங்க.

மசூர்: எந்தச் சொல் எண்டு கேக்கல்லையா?

கதிர்காமத்தம்பி: ஒருத்தரும் கேக்கல்லையே! கேட்டிருந்தா மாட்டியிருப்பன்.

றாஹிலா: சேர்... உங்கள என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியல்ல.

கதிர்காமத்தம்பி: நிக்காஹ்வுக்கு முன்வரிசையில ஒரு கதிரை போட்டாப் போதும். எனக்குச் சொந்தமா ஒரு கதிரை கிடைச்சதெண்டு தங்கேஸ்வரிக்குச் சொல்லிக் காட்டணும். இப்ப வேலைக்கு வருவம், மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முதல் முடிக்கணும். "கிழக்குக் கரையில்"... கரை இருக்கட்டுமா?

றாஹிலா: இருக்கட்டும். நாவிதன்வெளி ஆக்களுக்கு நான் போய் விளங்கப்படுத்துறன்.

கதிர்காமத்தம்பி: "மக்கள் நம்பும்" எண்டா, "முன்னணி" எண்டா?

மசூர்: "மக்கள் நம்பும்."

கதிர்காமத்தம்பி: இவ்வளவு நேரமாச் சண்டை பிடிச்சு, கடைசியில ஒரே சொல்லில விட்டிட்டீங்க! சரி. "கிழக்குக் கரையில் மக்கள் நம்பும் பல்கலைக்கழகமாக விளங்குதல்." ஏகமனதா ஏற்றுக்கொள்ளப்பட்டது. உபகுழுவும் இத்தோட கலைஞ்சுது. நான் இதக் கொண்டு போய் உபவேந்தர்ட மேசையில வைக்கிறன். இனி நீங்க ரெண்டு பேரும் கூட்டம் வைக்கிறதெண்டா வீட்டில வையுங்க.

றாஹிலா: சேர், நில்லுங்க, நானும் உங்களோட வாறன்... மசூர் சேர், ஒண்டே ஒண்டு. எல்லாம் தெரிஞ்சு வச்சிக்கிட்டு, இருந்த வசனத்துக்கு ஓமெண்டாம, நீங்களே வெட்டின சொல்லுக்கு ஏன் இவ்வளவு நேரமா என்னோட மல்லுக்கு நிண்டீங்க?

மசூர்: காலையிலயே ராத்தா சொல்லிட்டா மெடம்... உங்கட மருதமுனை ஆக்கள் வந்து போற வரைக்கும் வீட்டுப் பக்கம் தலையக் காட்டாத எண்டு. இந்தக் கூட்டமும் முடிஞ்சா, எனக்குப் போய் இரிக்க வேற இடம் எங்க இரிக்கி, சொல்லுங்க?